‘அவன் மட்டும் யோக்கியமா?’: வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: ஐயா, போலீஸ் காவலில் ஒருவர் அடிபட்டு இறந்தால், அவர் மீது பல திருட்டு வழக்குகள் இருந்ததாக உடனே செய்தி வருகிறது. அப்படிப்பட்டவருக்காக ஏன் இவ்வளவு கொதிக்கிறோம்?

பதில்: அந்த வழக்குகள் எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். திருட்டுக்குச் சட்டத்தில் மரண தண்டனை கிடையாது. தண்டனை தரும் அதிகாரம் லத்திக்கும் கிடையாது. விசாரிக்க வேண்டியது அவரை யார் அடித்தார் என்பதை. பழைய வழக்குப் பட்டியல் கைக்கு வந்தால், அதைக் கொடுத்தவர் யார் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: பாலியல் வழக்குகளில் பெண்ணின் நடத்தையைக் கிளறுகிறார்களே, சட்டம் அனுமதிக்கிறதா?

பதில்: நெடுங்காலம் அனுமதித்தது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், பிரிவு 155(4)-இல், புகார் கொடுத்த பெண் ஒழுக்கம் கெட்டவர் என்று காட்டி அவருடைய சாட்சியத்தை மறுக்க வழி வைத்திருந்தது. அது நீக்கப்பட்டது 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். 130 ஆண்டுகள்! அத்தனை காலம் எத்தனை பெண்கள் புகாரே கொடுக்காமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. 2013-இல் வந்த 53ஏ பிரிவு, சம்மதம் இருந்ததா என்ற கேள்விக்கு அவரது முந்தைய பாலுறவு அனுபவம் பொருட்டல்ல என்றது. பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த இப்போதைய 2023 சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. புகார் கொடுத்த பெண் பாலுறவுக்குப் பழகியவரா என்று விரலால் உடலைச் சோதிக்கும் இருவிரல் சோதனையைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. முன்பு நூறு முறை சம்மதித்தவராகவே இருக்கட்டும், அன்று சம்மதித்தாரா என்பது மட்டுமே கேள்வி.

கேள்வி: அப்படியானால் கடந்த காலம் எப்போதுமே தேவையில்லையா?

பதில்: சில இடங்களில் தேவை. ஒரு கொலை வழக்கில் இறந்தவர் பலமுறை கத்தியோடு துரத்தியவர், அது அவரைத் தாக்கியவருக்கு முன்பே தெரியும் என்றால், தற்காப்பு வாதத்தில் தாக்கியவரின் அச்சம் நியாயமானதா என்று பார்க்க அது உதவும். அங்கேயும் நாம் எடைபோடுவது அந்த அச்சத்தைத்தான். இறந்தவருக்கு வாழத் தகுதி இருந்ததா என்பதை அல்ல.

கேள்வி: என் தம்பி முன்பு குடித்துவிட்டுத் தகராறு செய்தவன். இப்போது முதலாளி அவனுக்கு மூன்று மாதக் கூலியைத் தரவில்லை. ‘அவனுக்கா பரிந்து பேசுகிறாய்?’ என்று உறவினர்களே கேட்கிறார்கள்.

பதில்: உழைத்த நாளுக்குக் கூலி கடன். குடித்ததால் அந்தக் கடன் தீர்ந்துவிடாது. மனுவில் வேலை செய்த நாள்கள், பேசிய கூலி, வர வேண்டிய பாக்கி இவற்றை மட்டும் எழுதுங்கள். இப்போது திருந்திவிட்டான் என்று ஒரு வரிகூட வேண்டாம். எழுதினால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.