பேக்கப்புக்கு எந்த டிரைவ் வாங்கலாம்?

கேள்வி: என் கம்ப்யூட்டரில் உள்ள 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் ஏறத்தாழ 350 ஜி.பி. அளவுக்குப் படங்களும் அலுவலகக் கோப்புகளும் சேர்ந்துவிட்டன. பேக்கப் எடுக்க எக்ஸ்டெர்னல் டிரைவ் வாங்க விரும்புகிறேன். எஸ்.எஸ்.டி.யாக வாங்குவதா, ஹார்டு டிஸ்க் போதுமா? அதை எப்போதும் கம்ப்யூட்டருடன் இணைத்தே வைத்திருக்கலாமா?

பதில்: பேக்கப் மட்டுமே நோக்கம் என்றால் ஹார்டு டிஸ்க்கே போதும். முதல் முறை எல்லாக் கோப்புகளையும் நகலெடுக்கச் சில மணி நேரம் ஆகலாம் என்றாலும், அடுத்தடுத்த முறைகளில் பேக்கப் மென்பொருள் புதியவற்றையும் மாறியவற்றையும் மட்டுமே எழுதும் என்பதால், எஸ்.எஸ்.டி.யின் வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. தவிர, எஸ்.எஸ்.டி. தகவல்களை மின்னூட்டமாகத் தேக்கி வைப்பதால், ஆண்டுக்கணக்கில் மின்சாரமே பாயாமல் அலமாரியில் கிடந்தால் அவை அழிந்துபோக வாய்ப்புண்டு. டிரைவைப் பையில் போட்டு எடுத்துச் செல்பவராக இருந்தால் மட்டும் எஸ்.எஸ்.டி.யே நல்லது. ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டுக்கு மேலே மயிரிழையினும் மெல்லிய இடைவெளியில் நகரும் முனை, டிரைவ் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் தட்டைக் கீறிவிடலாம். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே கிடையாது.

கோப்புகளின் பழைய வடிவங்களுக்கும் இடம் வேண்டும் என்பதால், குறைந்தது 1 டி.பி. (1000 ஜி.பி.), முடிந்தால் 2 டி.பி. வாங்குங்கள். 1 டி.பி. டிரைவை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது.

எப்போதும் இணைத்து வைக்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கம்ப்யூட்டருக்குள் புகுந்தால், இணைந்திருக்கும் டிரைவில் உள்ளவற்றையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆகவே வேலை முடிந்ததும், 'எஜெக்ட்' கொடுத்து டிரைவைக் கழற்றிவிடுங்கள். அதேபோல், கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று படங்களை டிரைவுக்கு மாற்றிவிட்டு மூலத்தை அழித்துவிட்டால் அது பேக்கப் ஆகாது. இருப்பது அப்போதும் ஒரே பிரதிதான். எஸ்.எஸ்.டி.க்கு ஆகும் கூடுதல் தொகையில் இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கி, அதிலும் ஒரு நகல் எடுத்து வேறொரு கட்டடத்தில் வைப்பதே என் பரிந்துரை. தீயோ திருட்டோ நேர்ந்தாலும் அது தப்பும்.

பேக்கப் முடிந்தவுடன் சில கோப்புகளை வேறு ஃபோல்டரில் மீட்டெடுத்து, அவை சரியாகத் திறக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.