சிகாகோவில் இத்தனை பிள்ளைகள் சுடப்பட்டுச் சாவது ஏன்? எல்லாம் போதைப்பொருள் சண்டையா?

ஒரு காலத்தில் அதற்கும் பங்கு இருந்தது. 1990-களில் கேங்ஸ்டர் டிசைப்பிள்ஸ் மாதிரி பெரிய கும்பல்கள் போதைப்பொருள் வியாபாரத்தை ஒரு கம்பெனி போலவே நடத்தின, மேலே இருப்பவன் சொன்னால்தான் கீழே துப்பாக்கி வெடிக்கும். அப்புறம் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் போன்ற அரசு அடுக்குமாடிகளையும் இடித்துவிட்டார்கள். அங்கிருந்த குடும்பங்கள் சிதறியதில் கும்பல்களும் உடைந்து, தெருவுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கூட்டங்கள் முளைத்தன. இவற்றில் கட்டுப்படுத்த ஆளில்லை. இறந்துபோன நண்பனை இன்ஸ்டாகிராமில் ஒருவன் கேலி செய்தால் போதும், பழிக்குப் பழி தொடங்கிவிடும். 2016-இல் மட்டும் நகரில் 750-க்கும் மேல் கொலைகள்.

சிகாகோ பள்ளி மாணவி ஹடியா பெண்டில்டனை நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை. 15 வயது. ஒபாமாவின் இரண்டாவது பதவியேற்பு விழாவையொட்டி வாஷிங்டன் போய், பள்ளி நடன அணியோடு ஆடிவிட்டுத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 2013 ஜனவரி 29, பரீட்சை முடிந்து, மழைக்குத் தோழர்களோடு பூங்காவில் ஒதுங்கி நின்றாள், எதிர்க் கும்பல் என்று நினைத்து எவனோ சுட்டுவிட்டான். முதுகில் குண்டு. அவளுக்கும் எந்தக் கும்பலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

காட்டில் வேட்டைக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் இருக்க ஆரஞ்சு உடை போடுவார்கள். ஹடியாவின் நினைவாக உடுத்த அவளுடைய தோழர்களும் அதே நிறத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும், அவள் பிறந்த நாளையொட்டி, அமெரிக்கா முழுக்கப் பலர் ஆரஞ்சு உடுத்துகிறார்கள்.