டிரைவரின் பையன்

அன்புள்ள ஐயா,

நீங்கள் முன்பு ஒரு கட்டுரையில் சொல்லியிருந்த ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'ஹை அண்ட் லோ' படத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். 1963-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். செருப்புக் கம்பெனி அதிகாரி கோண்டோவின் மகனைக் கடத்துவதாக நினைத்து, அவருடைய டிரைவரின் மகனைக் கடத்திவிடுகிறான் ஒருவன். ஆள் மாறியது தெரிந்த பிறகும் 3 கோடி யென் கோண்டோதான் தர வேண்டும் என்கிறான். கொடுத்தால் கோண்டோ நடுத்தெருவுக்கு வந்துவிடுவார்.

படம் முடிந்ததும் வீட்டில் பட்டிமன்றம். "முதல் ஒரு மணி நேரம் ஒரே ஹாலுக்குள்ள பேசிட்டே இருக்காங்க, இது த்ரில்லரா நாடகமா?" என்கிறார் மச்சான். கல்லூரியில் படிக்கும் என் பையனுக்கு, பாதியிலேயே கடத்தியவன் முகத்தைக் காட்டியது பிடிக்கவில்லை. சஸ்பென்ஸ் போய்விட்டதாம். அதுவும் பையன் பத்திரமாகத் திரும்பி வந்த பிறகு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. என் மனைவிதான் கோபமாக எழுந்து போனாள். "அந்த போதைக்காரப் பொண்ணைச் சாக விட்டுட்டு, அப்புறம் எதுக்கு போலீஸ்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் செக்‌ஷன் பார்க்கிறேன். அதனாலோ என்னவோ, கோண்டோ மட்டமான செருப்பைக் கையாலேயே பிய்த்துப் போடும் காட்சி பிடித்திருந்தது. ஒரே ஒரு கேள்வி: நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் பணத்தைக் கொடுத்திருப்பீர்களா?

எஸ்., திருப்பூர்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் பையனுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடத்தியவன் யார் என்பது இந்தப் படத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. அவனை முதலில் காட்டுவதே சாக்கடைத் தண்ணீரில் தெரியும் நிழலாகத்தான். கீழே புழுங்கும் ஒற்றை அறையிலிருந்து, மேட்டில் ஏசி போட்ட வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவன். படத்தின் ஜப்பானியப் பெயருக்கே 'சொர்க்கமும் நரகமும்' என்றுதான் அர்த்தம். யார் என்று தேட வைக்கும் படங்கள் நிறைய இருக்கின்றன, அவன் அவற்றைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மச்சானின் புகாரில் நியாயம் உண்டு. முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. கோவையில் ஒரு திரைப்படச் சங்கம் ஞாயிறு மாலைகளில் படம் போடும். கல்யாண மண்டபத்தின் மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், புரொஜக்டர் சத்தத்தைவிட மின்விசிறிச் சத்தம் அதிகம். கோண்டோ ஆற்றங்கரையில் பையனை ஓடிப்போய் அணைத்துக்கொண்டதும் எனக்கு முன்னால் இருந்த பெரியவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். படம் முடிந்தது என்று நினைத்துவிட்டார், பாவம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 'குழந்தை கிடைக்குமா' என்ற கேள்வியோடு வந்து உட்கார்ந்தவருக்குப் படம் அங்கே முடிந்துதான் போகிறது.

அன்று ஒரு டாக்டரை அழைத்து வந்திருந்த டிரைவர், கீழே வண்டியில் இருக்கப் பிடிக்காமல் மேலே வந்து கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. படம் முடிந்து டீ குடிக்கும்போது அவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். சப்டைட்டில் அவ்வளவாகப் புரியவில்லை என்றார். அப்புறம் சொன்னார்: "அந்தாளு எங்க நிக்கிறான்னு பாத்தீங்களா சார்? அவன் புள்ளையப் பத்திதான் பேச்சு, அவன் மட்டும் ஓரமாவே நிக்கிறான்."

நான் பார்த்திருக்கவில்லை. அதுவரை என் கண் முழுக்கக் கோண்டோவாக நடித்த தோஷிரோ மிஃபூனே மேல்தான். அடுத்த தடவை வீட்டில் பார்த்தபோது டிரைவர் அவோக்கியை மட்டும் பார்த்தேன். அகலத்திரைப் படம் அல்லவா? ஹாலில் முதலாளி, முதலாளியம்மா, போலீஸ்காரர்கள், உதவியாளன் என்று ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். எல்லோரும் பேசுவார்கள். டிரைவர் ஒரு ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார். பையன் அவருடையது, கொடுக்க வேண்டிய பணம் இன்னொருவருடையது. கேட்க அவருக்கு உரிமை இல்லை, கேட்காமல் இருக்கவும் முடியாது. ஒரு கட்டத்தில் அப்படியே தரையில் விழுந்து கும்பிடுகிறார். அந்த நேரத்தில் கோண்டோவின் முகத்தைப் பாருங்கள். இரக்கத்தைவிட எரிச்சல்தான் அதிகம் தெரியும். நம் காலில் ஒருவர் விழும்போது நமக்கு வருகிற அதே எரிச்சல். அந்த ஒரு மணி நேரமும் ஹாலை விட்டு கேமரா வெளியே போகாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டிரைவரும் அங்கிருந்து எங்கேயும் போக முடியாது.

நீங்கள் சொன்ன செருப்புக் காட்சிக்கு வருகிறேன். தொழில்காரர் என்பதால்தான் அது உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. சீக்கிரம் பிய்ந்துபோகிற மாதிரி செருப்பு செய்தால்தான் அடுத்தது விற்கும் என்று மற்ற அதிகாரிகள் வருகிறார்கள். ஆர்டருக்காகத் துணியின் ஜிஎஸ்எம்மை, அதாவது கனத்தை, குறைக்கச் சொல்பவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். கோண்டோ அந்தச் செருப்பைப் பிய்த்துக் காட்டுகிறார். அப்போது அது முதலாளித் திமிர் மாதிரிதான் தெரியும். பணம் கொடுப்பது என்று முடிவான பிறகு, கடத்தியவன் பணப் பெட்டியை அழிக்கப் பார்த்தால் காட்டிக்கொடுக்க, அதற்குள் இரண்டு பொடிகளை ஒளித்துத் தைக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் ஒன்று நாறும், தீயில் போட்டால் மற்றது வண்ணப் புகை விடும். கோண்டோ தன் பழைய கருவிப் பையைக் கொண்டுவரச் சொல்லி, தரையில் உட்கார்ந்து, தோலை அறுத்துத் தானே தைக்கிறார். செருப்புத் தைத்து மேலே வந்த மனிதர் என்பது அந்தக் கையைப் பார்த்தால்தான் தெரிகிறது. சொத்து முழுக்கக் கரையப் போகிற நேரத்தில் அவரிடம் மிச்சமிருப்பது ஊசியும் கத்தியும்தான். மச்சான் 'நாடகம்' என்று சொன்ன அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால், இந்த ஒரு நிமிடத்துக்கு எடையே இருந்திருக்காது.

பணத்தைக் கைமாற்றும் ரயில் காட்சியைப் பற்றி மச்சான்கூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். கோடாமா விரைவு ரயிலில் ஜன்னல்கள் திறக்காது, கழிவறை ஜன்னல் மட்டும் 7 சென்டிமீட்டர் திறக்கும். அதன் வழியாகத்தான் பணத்தை வெளியே போட வேண்டும். பணப் பெட்டி 7 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கக் கூடாது என்று கடத்தியவன் ஏன் சொன்னான் என்பது அப்போதுதான் உறைக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கை வியர்க்கிறது.

பையன் திரும்பிய பிறகு எதற்கு இன்னும் ஒரு மணி நேரம் என்றால், அவோக்கியின் கடன் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு கடலோரச் சாலைகளில் திரிகிறார். எங்கே வைத்திருந்தான், என்ன பார்த்தாய், யோசி, நன்றாக யோசி என்று துளைத்தெடுக்கிறார். கடத்தல்காரனிடமிருந்து இப்போதுதான் வந்த குழந்தை அது. எந்த அப்பனும் மடியில் வைத்துக்கொள்ளத்தான் பார்ப்பான். இவரோ முதலாளியின் 3 கோடியை அந்தக் குழந்தையின் ஞாபகத்திலிருந்து தோண்டி எடுக்கப் பார்க்கிறார். படத்திலேயே எனக்கு மிகவும் கொடூரமாகப் பட்ட காட்சி அதுதான். இத்தனைக்கும் ஒரு துளி ரத்தம் இல்லை. இதே கதையை 1977-ல் இந்தியில் 'இன்கார்' என்று எடுத்தார்கள், 2025-ல் அமெரிக்க இயக்குநர் ஸ்பைக் லீ நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். ஓரமாக நிற்கும் இந்த மனிதரைப் பார்க்க நான் திரும்பத் திரும்பப் போவது குரோசவாவின் கதை நடக்கும் யோகோஹாமாவுக்குத்தான்.

உங்கள் மனைவி கேட்டதற்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை. கைதானால் கடத்தியவனுக்கு 15 வருஷம்தான் கிடைக்கும், தூக்கு வாங்கித்தர வேண்டுமானால் கொலையில் மாட்ட வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கணக்குப் போடுகிறார். அதனால் அவனை வெளியே விட்டுப் பின்தொடர்கிறார்கள். அவன் சுத்தமான ஹெராயினை அந்தப் பெண்ணிடம் சோதித்துப் பார்க்கிறான், அவள் சாகிறாள். கடத்தலுக்குத் தண்டனை மிகக் குறைவாக இருக்கிறது என்ற குரோசவாவின் கோபம் படத்துக்கு ஒரு காரணம். அந்தக் கோபத்துக்கு இடம் இருந்தது. படம் வெளிவந்த 1963 மார்ச் மாதக் கடைசியிலேயே டோக்கியோவில் 4 வயதுக் குழந்தை ஒன்று பணத்துக்காகக் கடத்தப்பட்டது. அது உயிரோடு திரும்பவில்லை. அடுத்த ஆண்டு, பணத்துக்காகக் கடத்துவதைத் தனிக் குற்றமாக்கி ஆயுள் தண்டனை வரை கொடுக்கச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

ஆனால் இதெல்லாம் விளக்கம்தானே தவிர, சமாதானம் இல்லை. டிரைவரின் பையன் உயிருக்கு என்ன விலை என்று ஒரு மணி நேரம் வாதாடிய படம், அந்தப் பெண்ணின் உயிருக்கு வாதாட ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. குரோசவா தெரிந்துதான் செய்தார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, அது அவர் கைநழுவிய இடம். கோபப்பட்டு எழுந்து போனது சரிதான் என்று நான் சொன்னதாக வீட்டில் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் கேள்வி. முதல் நாள் ராத்திரி நான் கொடுத்திருக்க மாட்டேன். கோண்டோவும் மாட்டேன் என்றுதான் கத்துகிறார். மறுநாள் காலை அவோக்கி வந்து, நேற்று நான் கேட்டதை மறந்துவிடுங்கள் முதலாளி, சின்னவன் கெட்டிக்காரன், எப்படியாவது வந்துவிடுவான் என்கிறார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால், அன்றைக்கும் கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.