சோயாவை நிறுத்துமுன் அந்தச் சத்துமாவுப் பையைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. நிலக்கடலை ஒவ்வாமை இருப்பது போன வருடம் தோல் சோதனையில் தெரியவந்தது. டோஃபு, சோயா பால் எல்லாம் இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறான். எங்கள் புளோக்கில் இருக்கும் அக்கா ஒருவர், "இப்ப வர்ற சோயா எல்லாம் மரபணு மாத்தினது, அதனாலதான் பிள்ளைங்களுக்கு அலர்ஜி" என்கிறார். ஊரிலிருந்து வரவழைத்த "ஜிஎம் இல்லாத" (அதாவது மரபணு மாற்றாத) சத்துமாவைக் கிலோ 38 வெள்ளிக்கு விற்கிறார். சோயாவை நிறுத்திவிட்டு அதைக் கொடுக்கலாமா? கடையில் ஜிஎம் பொருளை எப்படி அடையாளம் காண்பது?
- செங்காங் வாசகி

பதில்: சோயாவை நிறுத்த வேண்டாம். அந்த மாவை வாங்க வேண்டாம். இரண்டில் அவசரமானது மாவு, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சத்துமாவில் என்னென்ன போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, முந்திரி, பாதாம். கை தாராளமாக இருந்தால் ஒரு பிடி வறுத்த நிலக்கடலையும். அதைப் போடாவிட்டாலும், மாவு மில்லில் முன்னால் நின்றவர் நிலக்கடலை அரைத்திருந்தால் அதன் தூள் இயந்திரத்தில் ஒட்டியிருக்கும். கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அவ்வளவே போதும். சிங்கப்பூரில் விற்கும் பொட்டல உணவில் நிலக்கடலை, சோயா, பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, கொட்டை வகை, குளூட்டன் உள்ள தானியம் ஆகியவை இருந்தால் பொட்டலத்தில் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள் என்பதும் இருக்க வேண்டும். அக்கா கொடுக்கும் பையில் இதெல்லாம் இருக்கிறதா? இப்படி வீட்டிலிருந்து விற்கும் மாவில் நான் பெரும்பாலும் பார்த்திருப்பது ஒரு பிளாஸ்டிக் பையும் ஸ்டிக்கரும்தான். ஸ்டிக்கரில் "இயற்கை", "நாட்டு ரகம்", "ஜிஎம் இல்லை" எல்லாம் இருக்கும். நிலக்கடலையைப் பற்றி மூச்சு இருக்காது.

அந்த "ஜிஎம் இல்லை" பொய்யும் கிடையாது, அதுதான் இந்த வியாபாரத்தின் சாமர்த்தியம். கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு எதிலும் மரபணு மாற்றிய ரகம் விற்பனைக்கு வரவில்லை. இந்தியாவில் வணிகப் பயிராக வந்த ஒரே மரபணு மாற்றப் பயிர் 2002இல் அனுமதித்த பிடி பருத்தி, பூச்சியைத் தாங்க மரபணு மாற்றியது. பிடி கத்தரிக்காயை 2010இல் நிறுத்திவைத்தார்கள், இன்றும் அப்படியே கிடக்கிறது. ஆகவே தேக்கா கடையில் சாதாரண விலைக்குக் கிடைக்கும் கேழ்வரகு மாவும் ஜிஎம் இல்லாததுதான். இல்லவே இல்லாத ஒன்றை இல்லை என்று எழுதுவதற்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? உப்புப் பொட்டலத்தில்கூட இப்படி எழுதி விற்கிறார்கள். உப்புக்கு ஏது மரபணு!

சரி, சோயாவுக்கு வருவோம். அமெரிக்காவில் விளையும் சோயாவில் 90 விழுக்காட்டுக்கு மேல் மரபணு மாற்றியது என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி கால்நடைத் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் போகிறது. ஒவ்வாமையைத் தூண்டுவது புரதம்; நன்றாகச் சுத்திகரித்த சோயா எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. டோஃபுக்கும் சோயா பாலுக்கும் போவது உணவுக்கென்றே தனியாக விளைவிக்கும் ரகம். கனடாவிலிருந்து வரும் அந்த ரகத்தில் பெரும்பாலானது மரபணு மாற்றாதது. இங்கே பல டோஃபு பொட்டலங்களில் அதை எழுதியும் இருப்பார்கள், திருப்பிப் பாருங்கள்.

உங்கள் மகனுக்கு ஒத்துக்கொள்ளாதது நிலக்கடலை. மரபணு மாற்றிய நிலக்கடலை இதுவரை சந்தைக்கே வரவில்லை. அப்புறம் ஜிஎம் எப்படி அவனுடைய ஒவ்வாமைக்குக் காரணமாகும்? முட்டை, இறால், பசும்பால் என்று பிள்ளைகளைப் படுத்தும் மற்றவையும் அப்படியே. 1990களில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு உணவால் கடும் ஒவ்வாமையோடு வந்த பிள்ளைகளிடம் மருத்துவர்கள் அதிகம் கண்ட காரணம் சூப்பாகக் குடிக்கும் பறவைக்கூடு! நிலக்கடலையும் சோயாவும் ஒரே அவரைக் குடும்பம் என்று சொல்லிப் பயமுறுத்துபவர்களும் உண்டு. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் பெரும்பாலோர் சோயாவைத் தாராளமாகச் சாப்பிடுவார்கள், உங்கள் மகனைப்போல. ஒத்துப்போகும் ஒரு நல்ல புரத உணவைக் காரணமில்லாமல் பறிக்காதீர்கள்.

இருந்தாலும், மரபணுவை மாற்றினால் ஒவ்வாமை வருமா என்ற கேள்வியே அபத்தம் என்று தள்ளிவிட மாட்டேன். ஒருமுறை வரப்பார்த்தது. 1990களில் அமெரிக்க விதை நிறுவனம் ஒன்று தீவனச் சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கூட்ட நினைத்தது. கோழிக்கு அது வேண்டும், சோயாவில் குறைவு. பிரேசில் கொட்டையில் நிறைய இருப்பதால் அதிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துச் சோயாவில் வைத்தார்கள். பிரேசில் கொட்டை பலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது தெரிந்த விஷயம், ஆகவே நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஒவ்வாமை உள்ளவர்களின் இரத்தத்தில் இந்தச் சோயாவைச் சோதித்துப் பார்த்தார்கள். கொட்டைக்கு எப்படியோ அப்படியே சோயாவுக்கும் இரத்தம் எதிர்வினை காட்டியது. மரபணுவோடு ஒவ்வாமையும் சேர்ந்து குடிபெயர்ந்துவிட்டது. 1996இல் முடிவு வெளியானது. நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது, அந்தச் சோயா கடைக்கு வரவே இல்லை.

இதை ஒரு தரப்பு "பார்த்தாயா ஆபத்தை" என்று சொல்லும், மறுதரப்பு "பார்த்தாயா சோதனை வேலை செய்ததை" என்று சொல்லும். இரண்டும் சரிதான். இன்று புதிய ரகம் எது வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். மரபணுவை எடுத்த மூலம் ஒவ்வாமை தருவதா? புதிய புரதம் தெரிந்த ஒவ்வாமைப் புரதம் எதையாவது ஒத்திருக்கிறதா? வயிற்று அமிலத்தில் சீக்கிரம் சிதைகிறதா? இவை 2003இல் உலக உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த முறைகள். 2000இல் ஸ்டார்லிங்க் என்ற சோளத்தில் மூன்றாவது கேள்விதான் சிக்கலானது. அதன் புரதம் மெதுவாகவே சிதைந்ததால் தீவனத்துக்கு மட்டும் அனுமதித்திருந்தார்கள். அது மனிதர் உண்ணும் டாக்கோ ஓடுகளில் (மெக்சிகோ பாணி மொறுமொறுப்பான சோள ரொட்டி) கலந்து வந்து, பொருட்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஒவ்வாமை வந்ததாகச் சொன்னவர்களின் இரத்தத்தை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சோதித்தபோது, அந்தப் புரதம்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் தீவனத்தையும் மனித உணவையும் பிரித்து வைப்போம் என்ற வாக்குறுதியை நம்ப முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துபோனது.

2016இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட பெரிய அறிக்கை உங்கள் சந்தேகத்தையே நேராக எடுத்துக்கொண்டது. ஜிஎம் உணவு அதிகம் புழங்கும் அமெரிக்காவிலும், ஏறக்குறைய புழங்காத பிரிட்டனிலும் உணவு ஒவ்வாமை ஒரே மாதிரி கூடியிருக்கிறது. தொடர்பு எதையும் அவர்கள் காணவில்லை. ஜிஎம் சோளம் தின்றதால் கட்டி வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எலிப் படங்கள் 2012இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வுடையவை. வெளியிட்ட ஆய்விதழே மறுவருடம் அதைத் திரும்பப் பெற்றது. வயதானால் தானாகவே கட்டி வரும் ரக எலிகளை, குழுவுக்குப் பத்து என்று வைத்துச் செய்த சோதனை அது. ஜிஎம் பயிர்களுக்குத் தெளிக்கும் களைக்கொல்லி பற்றிய கவலை வேறு விவகாரம், அதை இதில் குழப்ப வேண்டாம்.

அடையாளம் காண்பது பற்றிக் கேட்டீர்கள். இங்கே கடையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சிங்கப்பூர் உணவு அமைப்பு பாதுகாப்பை மதிப்பிட்டு அனுமதித்த மரபணு மாற்றப் பயிர்களை மட்டுமே உணவாக விற்கலாம். ஆனால் பொட்டலத்தில் "இது மரபணு மாற்றியது" என்று எழுதும் கட்டாயம் இல்லை. ஐரோப்பாவில் உணவில் சேர்க்கும் மூலப்பொருள் ஒன்றில் 0.9 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலே எழுத வேண்டும், அமெரிக்காவே 2022இலிருந்து கட்டாயமாக்கிவிட்டது. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் இதைச் சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை. அனுமதித்தவற்றின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. திறந்தால் விதை நிறுவனங்கள் வைத்த எழுத்தும் எண்ணும்தான் வரிசையாக நிற்கும். ஒரு அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய் என்ன செய்வார்? பாதுகாப்பானது என்றால் தெரிய வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். அந்த மௌனத்தை வைத்துத்தான் மாவு வியாபாரம் நடக்கிறது.

பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் எண் 8இல் தொடங்கினால் ஜிஎம் என்பதை நம்பாதீர்கள். அந்த எண்ணை அதற்கென்று ஒதுக்கினார்கள், கடைகளில் யாரும் பயன்படுத்தவில்லை. விதையில்லாத திராட்சையும் தர்பூசணியும் ஜிஎம் கிடையாது. மனசுக்குத் தவிர்க்கவே தோன்றினால், முறையான சான்றிதழ் பெற்ற ஆர்கானிக் பொருளை வாங்குங்கள். அதில் மரபணு மாற்றிய பொருளைச் சேர்க்க விதி இடம் தருவதில்லை.

இன்னொன்று. மாவு விற்பவர்களுக்குப் பின்னால் சோதனை விற்பவர்கள் வருவார்கள். முடியை அனுப்பினால் ஒவ்வாமைப் பட்டியல் தருகிறோம் என்பார்கள், ஐஜிஜி என்ற எதிர்ப்புரதத்தை அளக்கும் இரத்தச் சோதனை என்பார்கள். இரண்டும் ஒவ்வாமையைக் கண்டறியாது. தோலில் குத்திப் பார்ப்பதும், ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தை அளக்கும் இரத்தச் சோதனையும், பிள்ளையின் கதையைக் கேட்கும் ஒரு மருத்துவரும் போதும். பலதுறை மருந்தகப் பரிந்துரையோடு போனால் நிபுணரிடம் மானியக் கட்டணம். காத்திருக்கும் நாட்கள் எரிச்சலூட்டும், தெரியும். அந்த இடைவெளியில்தான் இவர்கள் நுழைகிறார்கள்.

அடுத்த சந்திப்பில் மூன்று விஷயம் கேளுங்கள்: மறுசோதனை எப்போது, கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் அட்ரினலின் ஊசிப்பேனா தேவையா, பாலர் பள்ளியில் கொடுக்க எழுத்தில் அவசரத் திட்டம் கிடைக்குமா. மாவை ஏற்கெனவே வாங்கியிருந்தால் பெரியவர்கள் குடிக்கலாம் என்று எடுத்து வைக்காதீர்கள். அதில் போட்ட கரண்டி மறுநாள் அவன் பால் டப்பாவுக்குள் போகும்.