சஸ்காட்செவனில் கால் செக்ஷன் வாங்கலாமா?

கனடாவின் பிராம்ப்டனில் பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) வைத்திருக்கும் நீங்கள், சஸ்காட்செவன் மாகாணத்தின் ஸ்விஃப்ட் கரண்ட் ஊர்ப் பக்கம் ஒரு கால் செக்ஷன், அதாவது 160 ஏக்கர், வாங்குவதில் சிக்கல் இல்லை. சிக்கல், பாதிப் பணம் போடுவதாகச் சொல்லும் சென்னைத் தம்பிதான். குடியுரிமையோ பி.ஆரோ இல்லாத வெளிநாட்டில் இருப்பவர் சஸ்காட்செவனில் 10 ஏக்கருக்கு மேல் விளைநிலத்தில் பங்கு வைக்க முடியாது. அவர் பெயரை விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் கடனாக வாங்கலாம் என்றும் நினைக்காதீர்கள். அந்த மாகாண விளைநிலச் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பின் நிலக்கடன் எங்கிருந்து வருகிறது என்பதும் கணக்கில் வரும். முதலில் அங்குள்ள வக்கீலிடம் பேசுங்கள்.

அப்புறம், 160 என்பது பத்திரத்து அளவு. உழுது விதைக்கும் ஏக்கர் எவ்வளவு என்று கேளுங்கள். விலையை அதால் வகுத்துப் பாருங்கள், விளம்பரத்தின் கவர்ச்சி பாதி போய்விடும். பனி உருகும் ஏப்ரல் கடைசியில் நேரில் போனால் குட்டைகள் எங்கே நிற்கின்றன என்று தெரியும். அவற்றின் கரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்த இடத்தில் விளைச்சல் குறைவு. ஆன்லைன் படத்தில் எல்லா நிலமும் பச்சைதான்!

கனிம உரிமை பெரும்பாலும் தனிப் பத்திரம். நிலத்தோடு வரும் என்று எண்ண வேண்டாம். இப்போதைய குத்தகைக்காரரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.