நட்சத்திரங்கள் தனித்தனியாகச் சுழல வேண்டும்!

கேள்வி: ஆப்பிள் மோஷன் என்ற அனிமேஷன் மென்பொருளில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றை ரெப்ளிகேட் செய்து (பல நகல்களாக அடுக்கி), ஸ்பின் பிஹேவியர் (சுழலவைக்கும் தயார்நிலை அசைவு) போட்டேன். மொத்தக் கட்டமும் ஒரே பலகைபோலச் சுற்றுகிறது. ஒவ்வொரு நட்சத்திரமும் தனியாகச் சுழல வேண்டும். நடுவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றவும் வேண்டும். என்ன செய்வது?

பதில்: ஸ்பின்னை, நகல்கள் எல்லாவற்றையும் தாங்கும் ரெப்ளிகேட்டர் லேயரின் மேல் போட்டிருக்கிறீர்கள். அதனால் 5 வரிசை, 5 நெடுவரிசை கொண்ட 25 நட்சத்திரங்களும் ஒரே பொருளாகச் சுழல்கின்றன. அதை நீக்கிவிட்டு, லேயர் பட்டியலில் ரெப்ளிகேட்டருக்குக் கீழே இருக்கும் செல்லை (ஒவ்வொரு நகலையும் கட்டுப்படுத்தும் பகுதி) தேர்ந்தெடுங்கள். அமைப்புகளைக் காட்டும் இன்ஸ்பெக்டரில் ஆங்கிள் என்ற வரியை ரைட் கிளிக் செய்து, ராம்ப் என்ற பாராமீட்டர் பிஹேவியரை (ஒரு மதிப்பைச் சீராக மாற்றிக்கொண்டே போவது) சேருங்கள். எண்ட் வேல்யூ 360 என்றால் முழுச் சுற்று. தொடர்ந்து ஓடும் லூப் மட்டும் போதுமென்றால் 72 கொடுத்தாலே சரி; ஐந்து முனை நட்சத்திரம் 72 டிகிரிக்கு ஒருமுறை அதே தோற்றத்துக்கு வந்துவிடும். நிதானமான சுழற்சிக்கு இதுவே அழகு.

ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுவதற்கு சீக்வென்ஸ் ரெப்ளிகேட்டர் பிஹேவியர் வேண்டும். இதைச் செல்லில் அல்ல, ரெப்ளிகேட்டரில் போட வேண்டும். போட்டவுடன் திரையில் எதுவும் மாறாது. பலர் இங்கேதான் பழுது என்று நினைத்து நீக்கிவிடுகிறார்கள். எதை அசைப்பது என்று நாம் சொல்லும்வரை அது சும்மாவே இருக்கும். 'ஆட்' மெனுவில் ஒபாசிட்டி, ஸ்கேல் இரண்டையும் சேர்த்து, இரண்டுக்கும் 0 கொடுங்கள். சீக்வென்ஸிங் 'ஃப்ரம்' என்று இருக்கட்டும். பூஜ்யத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நட்சத்திரமும் தன் இயல்பு அளவுக்கு வளரும். 'டூ' வைத்தால் நேர்மாறு: நட்சத்திரங்கள் மறையும், டைம்லைனில் பிஹேவியரின் பட்டை முடிந்ததும் எல்லாம் சட்டென்று திரும்பி வந்து நிற்கும். அலைபோல வந்து கடந்து போக வேண்டுமானால் 'த்ரூ'.

அடுத்தடுத்த நட்சத்திரங்கள் வெடுக் வெடுக்கென்று வந்தால், ஒன்றின் அசைவு அடுத்ததோடு எவ்வளவு கலக்கிறது என்பதைச் சொல்லும் ஸ்ப்ரெட்டைக் கூட்டுங்கள். வேகத்தைத் தீர்மானிப்பது டைம்லைனில் அந்தப் பட்டையின் நீளம். பிளேஹெட்டை 2 நொடியில் வைத்து, பிஹேவியரைத் தேர்ந்தெடுத்து, ஓ விசையை அழுத்தினால் அனைத்தும் 2 நொடிக்குள் தோன்றிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்பது பிஹேவியரில் இல்லை, ரெப்ளிகேட்டரில் இருக்கிறது. அங்கே ஆரிஜினை சென்டர் ஆக்குங்கள். வரிசை, நெடுவரிசைகளை 40, 40 என்று கூட்டுவதைக் கடைசிக்கு வையுங்கள்; 1,600 நட்சத்திரங்களோடு ஸ்ப்ரெட்டைச் சரிபார்ப்பது வீண் காத்திருப்பு.