பழைய டீசல் பிக்கப் மலை ஏறும்போது மட்டும் ஹீட் ஆகுது, மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வை கழட்டி போட்டுட சொல்றாரு, செய்யலாமா?

கழட்டாதீங்க. பதில் அவ்ளோதான். தெர்மோஸ்டாட்ங்கறது எஞ்சின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம அடைச்சு வெச்சு, சூடானதும் திறந்து விடற வால்வு. ஆனா இந்த கேள்விய பாத்ததும் எனக்கு பழைய கோவம் ஒண்ணு கெளம்பிருச்சு, அதனால கொஞ்சம் நீளமா போகும், அவசரத்துல இருக்கவங்க நடுவுல வர்ற டெஸ்ட்டெல்லாம் மட்டும் படிச்சுட்டு போயிருங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் கிடையாது. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர், ஊட்டி பக்கம் லோடு அடிக்கிறவன். போகும்போது மளிகை, சிமெண்டு, சீசன்ல கோழி எரு, வரும்போது கேரட், முட்டைகோஸ். வண்டி டாடா 207, செகண்ட்ஸ்ல வாங்குனது. "மெக்கானிக் இல்லாதவன் எதுக்கு பேசற"ன்னு கமெண்ட் போடப்போற அண்ணன்மாருக்கு, காசு குடுக்கறவன் நாந்தானுங்களே, எனக்கு பேச உரிமை இருக்கு.

நீங்க எந்த மலைன்னு சொல்லல. கொல்லிமலையோ ஏற்காடோன்னு வெச்சுக்கறேன். டவுன்ல ஒண்ணும் இல்ல, மலையில மட்டும்னு சொல்றீங்க பாருங்க, பாதி விடை அதுலயே இருக்கு. டிராஃபிக்ல நிக்கும்போது ஹீட் ஏறி, ஓட ஆரம்பிச்சதும் ஹீட் மீட்டர் முள்ளு இறங்குச்சுன்னா அது காத்து பிரச்சனை, அதாவது ஃபேன், பெல்ட்டு, ரேடியேட்டர் வெளிப்பக்கம் அடைப்பு. நின்னா சும்மா இருந்து, லோடோட இழுக்கும்போது ஏறுச்சுன்னா தண்ணி ஓட்டத்துல பிரச்சனை, இல்ல பிரஷர்ல பிரச்சனை. ரெண்டும் இல்லாம தண்ணி எங்க போகுதுன்னே தெரியாம கொறையுதுன்னா அது வேற கதை. இத கேக்காமயே வால்வை கழட்டுன்னு சொல்றவர் வைத்தியம் பாக்கல, வண்டிய சீக்கிரம் வெளிய அனுப்ப பாக்கறாரு.

இப்ப என் கதை. வண்டி கீழ கோயமுத்தூர் வரைக்கும் ஃபுல் லோடு போட்டு போனாலும் முள்ளு பாதிக்கு மேல ஏறாது. கல்லாறு தாண்டி, பர்லியார் வரைக்கும்கூட சரியா இருக்கும். குன்னூருக்கு முன்னாடி வர்ற காட்டேரி கிட்ட போனா, ரேடியேட்டர்ல மிஞ்சற தண்ணி போய் சேர்ற ஸ்பேர் பாட்டில்ல இருந்து தண்ணி பொங்கி ரோட்டுல ஊத்தும். வேடிக்கை என்னன்னா அப்பவும் முள்ளு செவப்புக்கு போகாது, பாதிக்கு கொஞ்சம் மேலதான் நிக்கும். பட்டறையில காட்டுனேன். பாத்தவரு பானெட்ட முழுசா தூக்கக்கூட இல்ல, ஹெட் பேக்கிங் (எஞ்சின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழ இருக்கற பிளாக்குக்கும் நடுவுல வர்ற அடைப்பு) போயிருச்சு, ஹெட்ட இறக்கி லேத்துல ஃபேஸ் அடிக்கணும், 18,000 ஆகும், அதுவரைக்கும் வேணா வால்வை கழட்டிட்டு ஓட்டுன்னாரு. 18,000 எனக்கு அப்ப சின்ன தொகை இல்லீங்க, இப்பவும் இல்ல.

நான் ஒத்துக்கல, ஏன்னா ஹெட் பேக்கிங் போனா அதுக்குன்னு சில அடையாளம் இருக்கு. காலையில எஞ்சின் நல்லா ஆறி இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. வாய் வழியா விடாம குமிழ் வந்துட்டே இருந்தா எஞ்சின்ல எரியற கேஸ் தண்ணிக்குள்ள வருதுன்னு அர்த்தம். ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம்கூட ஆகல, தண்ணி சூடே ஆகல, ஆனா மேல் ஓஸ் கல்லா இறுகிருச்சுன்னா அதுவும் அதேதான். ஆயில் குச்சிய எடுத்து பாருங்க, ஆயில் வெளுத்து கொழகொழன்னு இருந்தா தண்ணி கலந்திருக்கு. எஞ்சின் நல்லா சூடான பின்னாடியும் சைலன்சர்ல வெள்ளப் புகை நிக்காம வந்தா அது. என் வண்டில இதுல ஒண்ணுகூட இல்ல. ஆனா ஒண்ணு இருந்துச்சு. ராத்திரி நிறுத்திட்டு காலையில பாத்தா மேல் ஓஸ் சப்பையா ஒட்டிக் கெடக்கும். மூடிய திறந்தா "புஸ்"னு காத்து உள்ள போகும், ஓஸ் உப்பிக்கும். ஸ்பேர் பாட்டில்ல தண்ணி அப்படியே இருக்கும், ரேடியேட்டர்ல கொறஞ்சிருக்கும்.

இது ரேடியேட்டர் மூடிங்க. அந்த மூடி வெறும் மூடி இல்ல, உள்ள ரெண்டு வால்வு இருக்கு. ஒண்ணு பிரஷர பிடிச்சு வெக்கும், அளவுக்கு மேல போனா ஸ்பேர் பாட்டிலுக்கு விடும். இன்னொண்ணு எஞ்சின் ஆறும்போது பாட்டில்ல இருந்து தண்ணிய திருப்பி உள்ள இழுக்கும். குக்கர்ல ரப்பர் தேஞ்சு போனா எப்படி விசிலே வராம பக்கத்துல ஆவி போய்ட்டே இருக்கும், அந்த கதைதான். மூடி மேல 0.9ன்னோ 1.1ன்னோ ஒரு நம்பர் அடிச்சிருக்கும், வெளிக்காத்து அழுத்தத்துக்கு மேல அத்தன பார் (பிரஷர் அளவு) உள்ள நிக்கும்னு அர்த்தம். 0.9 மூடி ஒழுங்கா வேலை செஞ்சா வெறும் தண்ணியே கீழ ஊர்ல 119 டிகிரிக்கு பக்கத்துல போனாத்தான் கொதிக்கும். மூடி போயிருச்சுன்னா 100லயே கொதிக்கும்.

சரி, அப்ப கீழ ஏன் கொதிக்கல, மேல மட்டும் ஏன்னு கேப்பீங்க. அங்கதான் மலை வருது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் சொச்சம். குன்னூர் 1850 மீட்டர். ஊட்டி 2240. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறுனா தண்ணி கொதிக்கிற சூடு 1 டிகிரி கொறையும். குன்னூர்ல திறந்த பாத்திரத்துல தண்ணி 94 டிகிரியிலயே கொதிச்சிரும், ஊட்டில 93க்கும் கீழ. இப்ப தெர்மோஸ்டாட்ட எடுத்துக்கங்க, நிறைய டீசல் வண்டில அது 82 டிகிரியில திறக்க ஆரம்பிச்சு 95 கிட்டதான் முழுசா திறக்கும். அதாவது எஞ்சின் நல்லபடியா ஓட வேண்டிய சூடே 90 சொச்சம்தான். மூடி பிரஷர் பிடிக்கலைன்னா குன்னூர் கிட்ட போகும்போது எஞ்சின் சாதாரண சூட்டுலயே தண்ணி கொதிக்க ஆரம்பிச்சிருது. முள்ளு ஏன் செவப்புக்கு போகலன்னு இப்ப புரியுதுங்களா, எஞ்சின் ஓவர் ஹீட்டே ஆகல, தண்ணிதான் முந்திக்கிட்டு கொதிச்சிருக்கு. அப்புறம் தண்ணி கொறஞ்சு போய் நெசமாவே ஹீட் ஆகும், அது அடுத்த கட்டம். இன்னொரு ஆபத்து, தண்ணி கொறஞ்சு சென்சார் காத்துல நின்னுருச்சுன்னா முள்ளு சரியா காட்டாது, நம்ம பாட்டுக்கு ஹீட் இல்லைன்னு ஓட்டிட்டு இருப்போம், உள்ள எஞ்சின் வெந்துட்டு இருக்கும்.

மெக்கானிக்கிட்ட சொன்னேன், சிரிச்சாரு. "மூடியால எல்லாம் வண்டி ஹீட் ஆகுமா, எத்தன வருஷமா பாக்கறேன்"னாரு. சரின்னு எங்க மச்சான் வண்டி மூடிய மாத்தி போட்டேன், அவரும் அதே 207தான் வெச்சிருக்காரு, அதே ரூட்டு. என் மூடி அவரு வண்டிக்கு, அவரு மூடி என் வண்டிக்கு. என் வண்டி லோடோட ஊட்டி வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாம போயிருச்சு. மச்சான் வண்டி காட்டேரில பொங்கிருச்சு. அவருகிட்ட மூடிய மாத்துனத சொல்லல, சொன்னா டெஸ்ட் எப்படிங்க டெஸ்ட்டா இருக்கும். இன்னைக்கு வரைக்கும் விசேஷ வீட்ல என்னைய பாத்தா மூஞ்சிய திருப்பிக்கறாரு, புது மூடி ரெண்டு வாங்கி அதுல ஒண்ண அவருக்குத்தான் குடுத்தேன், இருந்தும்.

இதுக்காக எல்லாருக்கும் மூடிதான் காரணம்னு நான் சொல்லவே இல்ல, தயவுசெஞ்சு அப்படி எழுதாதீங்க. என் வண்டிலயே அடுத்த வெயில் காலத்துல ஃபுல் லோடுல முள்ளு மறுபடி ஏறுச்சு, அப்ப ரேடியேட்டர கழட்டி பாத்தா பாதி குழாய் உப்பு கட்டி அடைஞ்சு கெடந்துச்சு. முன்னாடி வெச்சிருந்தவரு காலம் பூரா போர் தண்ணிதான் ஊத்திருக்காரு. ராடு அடிச்சு சுத்தம் பண்ணி, கூலண்ட் ஊத்துனப்புறம் சரியாச்சு. கூலண்ட்னா வெறும் பச்ச கலர் தண்ணி இல்லீங்க, துருப்பிடிக்காம வெக்கற மருந்து அதுல இருக்கு, கொதிநிலையையும் கொஞ்சம் ஏத்தும். கலக்கணும்னா பேட்டரிக்கு ஊத்தற தண்ணி, இல்லாட்டி ஆர்ஓ தண்ணியாச்சும் கலங்க.

தெர்மோஸ்டாட் மேல சந்தேகம்னா கழட்டி ஒரு பாத்திரத்துல நூல்ல கட்டி தொங்கவிட்டு தண்ணிய காய்ச்சுங்க, அடுப்படி தெர்மாமீட்டர் இருந்தா இன்னும் நல்லது. அதுல அடிச்சிருக்க டிகிரி கிட்ட திறக்க ஆரம்பிக்கணும், கொதிக்கும்போது நல்லா திறந்து நிக்கணும். திறக்கலையா, புதுசு போடுங்க, எடுத்துட்டு காலியா விடாதீங்க. சில எஞ்சின்ல அந்த வால்வு திறக்கும்போதே பைபாஸ் வழிய அடைக்கும். அத எடுத்துட்டா பாதி தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம பைபாஸ்ல சுத்திட்டு இருக்கும், ஹீட் கொறயறதுக்கு பதிலா கூடும். அப்படி இல்லாத எஞ்சின்லயும் காலையில சூடு ஏறவே நேரமாகும், டீசல் கூடுதலா குடிக்கும், பிஸ்டன் ஓடற லைனர் தேயும்.

கீழ் ஓஸையும் பாருங்க. நிறைய வண்டில அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கும், துருப்பிடிச்சு போயிருந்தா ரேஸ் பண்ணும்போது வாட்டர் பம்ப் இழுக்கற இழுப்புல ஓஸ் ஒட்டிக்கும், தண்ணி நின்னுரும். ஃபேனை சுத்தி ஒரு கூடு வரும், ரேடியேட்டர் வேலைக்கு கழட்டுனவங்க திருப்பி மாட்டாம ஓரமா போட்டுருவாங்க, அது இல்லாம ஃபேன் ரேடியேட்டர் வழியா காத்த இழுக்காது, பக்கத்துல இருக்கறத சுத்திட்டு இருக்கும். முன்னாடி கிரில்லுல தகடு, ஏர் ஹாரன், போர்டெல்லாம் கட்டி இருந்தா அதையும் எடுங்க. கோழி எரு அடிக்கிறவங்க ரேடியேட்டர் முன்னாடி இறகு எவ்ளோ சேருதுன்னு ஒருதடவ பாருங்க.

ஓட்டற விதமும் இருக்கு. ஏத்தத்துல மூணாவதுல திணற விடாதீங்க, ரெண்டாவது போட்டு எஞ்சின கொஞ்சம் சுத்த விடுங்க, அப்பத்தான் ஃபேனும் பம்பும் சுத்தும். இதுக்கு எதிர்ல வர்றவங்களும் வழி விடணும், அது வேற விஷயம். அகலம் பத்தாத மலை ரோட்டுல மேல ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழின்னு விதியிலயே இருக்கு. சனி ஞாயிறு கீழ இறங்கற காரெல்லாம் கொண்டை ஊசில நடு ரோட்டுக்கு வந்து நம்மள நிறுத்தி, லைட்ட வேற அடிக்கிறாங்க. ஃபுல் லோடோட வளைவுல நின்னு திரும்ப எடுத்தா கிளட்ச் நாறுதுங்க. ஒருத்தரு இறங்கி வந்து எங்கிட்ட "ரிவர்ஸ் எடு"ன்னாரு, ரெண்டு டன் கோழி எருவ ரிவர்ஸ் எடுக்கணுமாம்.

அதே மாதிரி நீலகிரியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் தடை, நல்ல விஷயம், காட்டுக்குள்ள குப்பைய பாத்தவனுக்கு தெரியும், நான் அதுக்கு எதிரி இல்ல. ஆனா ரேடியேட்டருக்கு வெச்சிருந்த அழுக்கு பாட்டில செக்போஸ்ட்ல ஒருத்தர் எடுத்து வெச்சுக்கிட்டு, இத எவன் குடிப்பான்னு நான் கேட்டதுக்கு என்னையவே மொறச்சாரு. அன்னைலருந்து பழைய ஆயில் கேனை கழுவி தண்ணி வெச்சுக்கறேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க.

வழியில கொதிச்சிருச்சுன்னா ஓரங்கட்டி, தண்ணி வெளிய கொட்டித் தீந்து போகலைன்னா கொஞ்ச நேரம் ஸ்லோவுல ஓடவிட்டு அப்புறம் ஆஃப் பண்ணுங்க. மூடிய சூட்டுல தொடவே தொடாதீங்க, சாக்கு போட்டு திறந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க, மூஞ்சிக்கு நேரா அடிக்கும். மேல் ஓஸ்ஸ கையில அமுக்க முடியற அளவுக்கு ஆறட்டும், அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ. சூடான எஞ்சின்ல பச்சத்தண்ணிய ஊத்துனா ஹெட் விரிசல் விட்டுரும், அப்ப அந்த 18,000 நெசமாவே செலவாகும்.

நாளைக்கு காலையில வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மேல் ஓஸ் சப்பையா இருக்கா, மூடி ரப்பர் வெடிச்சிருக்கா, மூடியில என்ன நம்பர் அடிச்சிருக்குன்னு பாத்து இங்கயே போடுங்க. மூடி இருநூறு முந்நூறு ரூபாய்க்குள்ள வரும், ஆனா உங்க வண்டிக்கு உண்டான நம்பரே வாங்குங்க, 0.9 இருந்த இடத்துல 1.1 போட்டா பிரஷர் கூடி பழைய ரேடியேட்டர்ல எங்க வீக்கா இருக்கோ அங்க பிச்சுக்கும். எந்த மலை, எந்த உயரத்துல பொங்குதுங்கறதையும் சொல்லுங்க.